முள்ளில்லா ரோஜாவின் பால்பற்கள்

வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அதிலும் சாதாரண ரகம் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி, அதற்குச் சம்பளமும் வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்ற முட்டாள். முள்ளில்லாத ரோஜா வளர்க்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒரு வருடத்துக்கும் மேலாக முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீரோடு விட்டேனா? கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். மக்கிய சாணத்தைச் சலித்துப் போட்டேன். மீன் கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டவிடாமல் கையேந்தி வாங்கி வந்து ஊற்றினேன். எங்கள் பக்கம் கருவேலமுள் யாரும் கேட்காமலே முளைக்கும். புண்ணாக்கு வைத்து முள் வளர்த்தவன் இலுப்பூர் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான்.

ஆனால் ஆசை நல்ல ஆசை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மனைவி பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவளுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. காலையில் அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் வாசலில் நின்று கையசைப்பேன். ஓய்வுக்குப் பிறகு நான் ஒழுங்காகப் பார்க்கும் உத்தியோகம் அது. அப்படி ஓடும்போது வாசலோரம் இருந்த நாட்டு ரோஜாச் செடியில் ஒரு பூவைக் கிள்ளி, நடந்துகொண்டே பின்னலில் செருகிக்கொள்வாள். வருடக்கணக்கில் அப்படித்தான். டீச்சர் ரோஜா வைத்து வந்தால் அன்று வாய்ப்பாடு கேட்க மாட்டார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடையே ஒரு நம்பிக்கை உண்டாம். எனக்கும் ஏறக்குறைய அதே நம்பிக்கைதான். ரோஜா வைத்துப் போன நாட்களில் சாயங்காலம் என்னையும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. அது வந்து கொஞ்ச நாளில் அந்தச் செடியின் முள் ஒன்று ஆள்காட்டி விரலில் ஏறியது. முள் சின்னதுதான். விரல்தான் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டது. கோவைப்பழம் போல் சிவந்து, வீங்கி, கடைசியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டரம்மா எங்கள் மகள் வயசு சொல்லலாம், ஆனால் அதட்டல் மாமியார் அதட்டல்.

“இந்த வாட்டி விரல் தப்பிச்சிருச்சு டீச்சர். அடுத்த வாட்டி நான் கேரண்டி குடுக்க மாட்டேன். முள்ளுச்செடி பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு வந்த அன்றே அவள் அந்தச் செடியைப் பிடுங்கச் சொன்னாள். நான்தான் பிடுங்கினேன். அவள் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

கடையில் ரோஜா கிடைக்காதா என்பீர்கள். வாங்கி வந்தேன். மோந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். “இதுல பூ வாசம் வரல. பிரிட்ஜ் வாசந்தான் வருது” என்றாள். அதன்பிறகு மல்லிகையோ கனகாம்பரமோ கிடைத்ததை வைத்துக்கொண்டு போனாள். குறை என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் காலையில் கேட்டைத் திறக்கும்போது அந்தக் கை, பழைய ஞாபகத்தில், செடி இருந்த பக்கம் ஒருமுறை நீளும். அங்கே ஒன்றும் இருக்காது. கை திரும்பி வந்து கைப்பையைப் பிடித்துக்கொள்ளும். கையசைக்கும் உத்தியோகத்தில் இருப்பவன் கண்ணில் இது தினமும் படாமல் இருக்குமா? அவள் பின்னலில் மறுபடி எங்கள் வீட்டு ரோஜா ஏற வேண்டும். முள் படாமல் ஏற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு வீடியோ வந்தது. கொடியாக ஏறும் ரோஜா. வெள்ளைக்காரர்கள் தாத்தா காலத்துக்கும் முந்தி வளர்த்த பழைய ரகம். வாசம் தெருமுனைக்கு வருமாம். முக்கியமாக, முள்ளே கிடையாதாம். வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தண்டை மேலிருந்து கீழாகத் தடவிக் காட்டினார், வீட்டுப் பூனையைத் தடவுவதுபோல். நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். போனை வைத்துவிட்டுத் தூங்கினால் கனவில் நானும் தடவிக்கொண்டிருந்தேன்.

மலைமேல் ஒரு நர்சரியில் அந்த ரகம் இருப்பதாகக் கண்டுபிடித்து வரவழைத்தேன். கூரியர் பெட்டியைப் பிரித்தால் உள்ளே பென்சில் தடிமனில் ஒரு குச்சி, நாலைந்து இலை.

“இதென்ன, பல்லு குத்துறதுக்கா?” என்றாள் மனைவி.

“தடவிப் பாரு.”

“எதுக்கு?”

“சும்மா தடவிப் பாரு. அந்த வெரலாலயே தடவு.”

பயந்துகொண்டே தொட்டாள். பிறகு மெள்ள, கீழிருந்து மேலே தடவினாள். மறுபடி ஒருமுறை தடவினாள். “அட, வழவழன்னு இருக்கு” என்றாள். அன்று இரண்டு வேளையும் என் தட்டில் கேட்காமலே அப்பளம் விழுந்தது.

நடுவதற்குக் குழி தோண்டினேன். எங்கள் மண் செம்மண். மேலே ஒரு சாண் மண், அதற்குக் கீழே செம்புறாங்கல். கடப்பாறை போட்டால் பள்ளிக்கூட மணி அடித்ததுபோல் சத்தம் வரும், மண் வராது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஸ்டியரிங் போய்விட்டதால் இப்போது எங்கள் வீட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

“என்ன வாத்தியாரே, போர் போடுறீங்களா?”

“ரோஜா வைக்கிறேன். முள்ளில்லாத ரோஜா.”

“முள்ளில்லாமயா? அப்ப ஆடு திங்குமே.”

“ஒங்க ஆட்டக் கட்டிப் போடுங்க.”

“அது நான் சொன்னாக் கேக்காது. நீங்க வாத்தியார், நீங்க சொல்லிப் பாருங்க.”

கொடி ஏற வேண்டுமே என்று வெல்டிங் பட்டறையில் சொல்லி, கேட்டுக்கு மேலே இரும்புக் கம்பியில் ஒரு வளைவு செய்து நிறுத்தினேன். குச்சி முழங்கால் உயரம் இல்லை, வளைவு ஆள் உயரத்துக்கு மேல். டிரைவர் வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “எந்தக் கட்சி மாநாடு?” என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மழை விழுந்து மண் இளகிவிட்டால், கையில் கிடைத்த குச்சியைத் தரையில் ஊன்றாமல் இங்கே யாருக்கும் கை நிற்காது. கிளுவைப் போத்தை வரிசையாக ஊன்றிவிட்டால் வேலி ஆயிற்று. முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டால் குழம்புக்கு ஆயிற்று. பூவரசு, ஆடாதொடை, எதுவானாலும் சரி, ஒரு குத்து, காலால் ஒரு மிதி, அதோடு மறந்துவிடுவார்கள். பிழைத்தால் மரம், பிழைக்காவிட்டால் விறகு. என் மனைவி இதில் கைராசிக்காரி. கொல்லைப்பக்கம் அவள் ராஜ்யம். அங்கே நிற்பதில் பாதி அவள் போகிற போக்கில் ஊன்றியது. அவள் ஊன்றியதில் துளிர்க்காதது பழைய குடைக்கம்பு ஒன்றுதான். அதுவும் இன்னும் நிற்கிறது, பாகற்கொடியைத் தாங்கிக்கொண்டு.

என் ராஜ்யம் முன்வாசல். கொல்லையில் எனக்கு மோட்டார் போடும் வேலை மட்டும். அந்த சுவிட்ச்சும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

ஆடியில் வைத்த செடி ஆவணியிலும் அப்படியே நின்றது, புரட்டாசியிலும் அப்படியே நின்றது. ஒரு இலை விடும், ஒரு இலை உதிர்க்கும். வரவும் செலவும் சரி. ஐப்பசி மழை பிடித்ததும்தான் அதிசயம் நடந்தது. செடியின் அடியில், மண்ணை ஒட்டி, தடியாக ஒரு துளிர் கிளம்பியது. காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும் வளர்த்தி. அதன் பக்கத்தில் பழைய தண்டு, சாப்பாடு பிடிக்காத பிள்ளை மாதிரி நின்றது. நோஞ்சான் ஒரு பக்கம், பயில்வான் ஒரு பக்கம்.

நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. இந்த நோஞ்சான் இருந்து என்ன பிரயோசனம், பயில்வானுக்குப் போக வேண்டிய சத்தை வீணாகக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. வகுப்பில் நோஞ்சான் பையன்களைத் தேடிப் பிடித்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தவன் நான். செடி விஷயத்தில் அந்த நியாயம் ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை. புதிதாக வாங்கிய கவாத்துக் கத்தரியை எடுத்தேன். நோஞ்சானை அடியோடு ஒரே வெட்டு. வெட்டியதை அப்படியே கொண்டுபோய் கொல்லைக் கதவைத் திறந்து, விறகுக்குக் கிடந்த குச்சிக் குவியல்மேல் வீசிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னத்தங்க வெட்டிட்டு வாரீங்க?”

“சத்தில்லாததை. இனிமே பாரு, எப்படி வருதுன்னு.”

வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வளர்த்தியை நான் தாவரவியல் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை. கார்த்திகையில் என் இடுப்புக்கு வந்தது. தையில் என் தலைக்கு மேல் போனது. பங்குனி வெயிலில் ஊரே கருகி நிற்க, அது மட்டும் வளைவின்மேல் ஏறி, எதிர்ப்பக்கம் இறங்க ஆரம்பித்தது. ஒரே ஒரு சின்னச் சங்கடம். அதில் முள் இருந்தது.

இருந்தது என்றால் ஒன்றிரண்டு அல்ல. முள்ளின் இடுக்கில் அங்கங்கே தண்டும் இருந்தது என்று சொன்னால்தான் சரி.

முதலில் மாட்டியவர் டிரைவர். “வாத்தியாரே, ஒங்க முள்ளில்லாத ரோஜா என் வேட்டியப் புடிச்சு இழுக்குது. விடச் சொல்லுங்க, ரோட்டுல ஆள் வருது.”

அந்த ஆபத்தான நிமிடத்தில், அவர் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு நின்றபோது, என் வாயில் ஒரு விளக்கம் பிறந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“அது பால்பல்லு மாதிரிங்க. சின்னச் செடியில முள்ளு இருக்கும். வயசுக்கு வந்தா தானா விழுந்துடும்.”

“அப்படியா?”

“சயின்ஸ்ங்க.”

வாத்தியாராக இருப்பதில் ஒரு கெடுதல் உண்டு. நாம் சொல்வதை மற்றவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, நாமே நம்பிவிடுவோம். அன்று சாயங்காலத்துக்குள் அது எனக்கே சத்தியமாகிவிட்டது. மனைவியிடம் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். கொழுந்துத் தண்டு, முதிர்ந்த தண்டு, தற்காப்பு என்றெல்லாம் பாடம் எடுத்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“வயசானா தானா விழுந்துடுமா?”

“விழுந்துடும்.”

“ஒங்களுக்கு இன்னும் எதுவும் விழுகலையே?”

பிறகு வரிசையாக ஆட்கள் மாட்டினார்கள். சிலிண்டர் கொண்டுவரும் தம்பி கேட்டுக்கு வெளியிலேயே சிலிண்டரை இறக்கிவிட்டு, “உள்ள வர மாட்டேன் சார், போன மாசம் கிழிஞ்ச சட்டையே இன்னும் தைக்கல” என்று கத்திவிட்டுப் போனார். பத்திரிகை வைக்க வந்த என் மச்சினியின் பட்டுச் சேலையை முந்தானையோடு பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்கப் போன என் கையையும் பிடித்துக்கொண்டது. இருவரும் வளைவுக்குக் கீழே சேர்ந்து நின்றதை டிரைவர் மதிலுக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, “மாலை மாத்துறீங்களா?” என்றார். அவருடைய ஆடு, சுவரொட்டியைப் பசையோடு தின்கிற ஆடு, ஒருநாள் அவிழ்த்துக்கொண்டு வந்து என் செடிமேல் மூக்கை வைத்தது. உடனே பின்வாங்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போன வழியே போய்விட்டது. பழைய ரகத்தின் கம்பீரம், மிருகத்துக்கே தெரிகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதில் சிரிக்க முடியாத ஒரு காரியமும் நடந்தது. அவளுக்குத்தான் முள் படக் கூடாதே. ஒருநாள் காலை பஸ்ஸுக்கு ஓடும்போது வளைவிலிருந்து தொங்கிய கிளை அவள் தோளை உரசப் பார்த்தது. நான் பாய்ந்து தடுத்தேன். முள் என் புறங்கையில் ஏறியது. அவள் என் கையைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நான் இனிமே கொல்லைப்பக்கமாவே போயிட்டு வாரேன்” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தலைமையாசிரியை, அவரைப் பந்தலுக்குக் கீழே குனிந்து, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டி, பின்பக்கத் தட்டிக் கதவு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முன்வாசலில் கையசைக்க எனக்கு ஆளில்லை. இரண்டு நாள் பழக்கதோஷத்தில் சும்மா அசைத்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் போன யாரோ ஒருவர் பதிலுக்கு அசைத்தார். யாரென்று இன்றுவரை தெரியாது.

“கிளையக் கொஞ்சம் வெட்டிவிடுறேன்” என்று அவளிடம் சொன்னேன்.

“வேணாம், விடுங்க. பூக்கிறப்ப பூக்கட்டும்.”

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது. அவளும் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனவே புண்ணாக்கைக் கூட்டினேன். அடுத்த மழையும் வந்தது, மார்கழியும் வந்தது. தெருவில் கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ வந்தது. என் செடியில் பூ என்ற ஒன்றைத் தவிர எல்லாம் வந்தது.

தை பிறந்து, ஒரு சாயங்காலம் கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, துபாய் செண்ட். பார்த்ததும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்த பிறகு தெரிந்தது. என்னிடம் பிளஸ் டூ படித்த பையன். புது வீடு கட்டியிருக்கிறான், குடிபுகும் விழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறான். “வாடா வாடா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், வளைவுக்குக் கீழே அவன் கால் வைத்தான். சர்ரென்று சத்தம். வெள்ளைச் சட்டையின் கை, தோளிலிருந்து முழங்கை வரை திறந்துகொண்டது.

“சார்... என்ன சார் இது, முள்ளுக்காடா வளத்து வச்சிருக்கீங்க?”

“டேய், பாத்துப் பேசு. இது முள்ளில்லாத ரகம்.”

அவன் கிழிந்த கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பெரிய மனுஷன் ஆகிவிட்டதால் சிரிப்பை அடக்கத் தெரிந்திருந்தது.

“பால்பல்லு மாதிரிடா. வளந்தா விழுந்துடும்” என்றேன். சொல்லும்போதே வளைவைத் தாண்டி மதில்மேல் படர்ந்திருந்த அந்தப் பூதத்தைப் பார்த்தேன். இதற்குமேல் அது எங்கே வளர்வது என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. இது ஒட்டுச் செடிதான?”

“ஆமா.”

“இந்தக் கெளை ஒட்டுக்கு மேலேருந்து வந்துச்சா, கீழேருந்து வந்துச்சா?”

என் கண் செடியின் அடிக்குப் போனது.

“நீங்கதான சார் சொன்னீங்க? ஒட்டுக்கட்டை காட்டுச் செடி, ஒட்டுத்தண்டு நல்ல செடி. கட்டையிலேருந்து துளிரு வந்தா ஒடனே கிள்ளிரணும், இல்லாட்டி அது நல்லதக் கொன்னுட்டு அது மட்டும் வளந்துரும்னு. நான் படத்துல மேலயும் கீழயும் மாத்திப் போட்டுட்டேன்னு பெஞ்சு மேல நிக்க வச்சீங்களே சார், மறந்துட்டீங்களா? மத்தியானம் சாப்புட வுடாம திரும்பத் திரும்ப வரையச் சொன்னீங்க. துபாயில போயி கரண்டு வேலை பாக்குறேன், இன்னமும் கண்ண மூடுனா அந்தப் படந்தான் வருது.”

அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். நான் அவனுக்குப் போட்டது ஒன்று. இப்போது அவன் எனக்குத் திருத்தினால் அந்த ஒன்றும் கிடைக்காது.

குனிந்து, செடியின் அடியில் மண்ணை விரலால் விலக்கினேன். ஒட்டுப் போட்ட இடத்தில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா மக்காமல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழேயிருந்து மணிக்கட்டுத் தடிமனில் பயில்வான் கிளம்பியிருந்தான். அதற்கு மேலே ஒரு சின்ன மொட்டைக் கட்டை. காய்ந்து, கறுத்து, சாய்வாக, பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. கவாத்து வெட்டு சாய்வாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தங்காது. அதையும் நான்தான் வருடா வருடம் சொல்லிக்கொடுத்தேன். கொலையை இலக்கணப்படிதான் செய்திருந்தேன்.

பையனுக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு கொடுத்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். “டீச்சரையும் கூட்டிக்கிட்டு அவசியம் வந்துரணும் சார்” என்றான். பிறகு வளைவை ஒருமுறை பார்த்துவிட்டு, “சார், பின்னால வழி இருக்கா?” என்றான்.

அன்று மனைவி கொல்லைக் கதவு வழியாகத் திரும்பி வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். காபி கொடுத்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

“அந்தச் செடி பூக்காமயே போயிட்டா ஒனக்கு ரொம்ப வருத்தமா இருக்குமா?”

“எந்தச் செடி?”

“எந்தச் செடியா? முன்னால இருக்கிறதுதான்.”

“அதுவா?” என்றாள். பிறகு, “காபி ஆறுது” என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் அதை மறந்துவிட்டாளா, அல்லது என்மேல் இரக்கப்பட்டுப் பேச்சை மாற்றுகிறாளா என்று புரியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் புரியவில்லை. காபியைக் குடித்தேன்.

மறுநாள் காலை முடிவோடு எழுந்தேன். உண்மையைச் சொல்வது. பயில்வானை வேரோடு தோண்டுவது. அவள் மறுபடி முன்வாசல் வழியாகவாவது போகட்டும். தலையில் ரோஜா இல்லாவிட்டால் போகிறது, குனியாமல் போகலாம் அல்லவா? கடப்பாறையைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கடப்பாறையோடே பின்னால் ஓடினேன்.

“இந்தா, ஒரு நிமிஷம் நில்லு. ஒன்னு சொல்லணும்.”

அவள் அவரைப் பந்தலைத் தாண்டி, தட்டிக் கதவில் கை வைத்தபடி நின்றாள். என் பக்கம் முதுகு. முதலில் வந்தது வாசம். பிரிட்ஜ் வாசம் இல்லை. கண்ணை மூட வைக்கிற வாசம், பன்னீரும் பழமும் கலந்ததுபோல். பிறகுதான் பார்த்தேன். பின்னலில், வழக்கமான அதே இடத்தில், பீட்ரூட்டைப் பாலில் கரைத்த நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஜா.

“இது... ஏது?”

அவள் மோவாயால் பந்தலைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்தேன். அவரைக்கொடியோடு பின்னிக்கொண்டு, அவரைக்காய்க் கொத்துகளுக்கு நடுவே, முள்ளில்லாத வழவழப்பான தண்டு ஒன்று பந்தலின் பாதி தூரம் ஓடியிருந்தது. நுனியில் இன்னும் மூன்று நான்கு மொட்டுகள். கீழே பார்த்தேன். குடைக்கம்புக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கும் இடத்தில், அது மண்ணிலிருந்து நேராகக் கிளம்பியிருந்தது.

“பாகலுக்கு இன்னொரு குச்சி வேணுமுன்னு அந்தக் குவியல்ல தேடுனேன்” என்றாள். “எல்லாம் கையக் குத்துற மாதிரி இருந்துச்சு. இது ஒன்னுதான் வழவழன்னு இருந்துச்சு. ஊணி வச்சேன். துளுத்துருச்சு. குத்தலையேன்னு விட்டுட்டேன். தெனமும் இப்பிடித்தான போறேன், கையால ஒதுக்கிவிட்டுட்டுப் போவேன். முந்தாநாளுதான் மொட்டு கண்ணுல பட்டுச்சு.”

“எங்கிட்ட சொல்லலையே?”

“நீங்க முன்னால இம்புட்டுப் பாடுபட்டுக்கிட்டு இருக்கீங்க. பின்னால பூத்துருச்சுன்னு எப்பிடிச் சொல்றது?”

சொல்ல வந்த பாவமன்னிப்பு முழுவதும் எனக்கு அந்த நொடியில் மறந்துபோனது. கடப்பாறையை வேலோடு நிற்கிற முருகன் மாதிரி ஊன்றிக்கொண்டேன். மார்பு தானாக நிமிர்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் டிரைவரின் தலை கிளம்புவதும் தெரிந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

“பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல, முள்ளில்லாத ரோஜான்னு? மலையிலேருந்து நான் வரவழைச்ச செடியாக்கும் இது!”

அவள் தட்டிக் கதவைத் திறந்தாள். பஸ் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்க்காமல், பின்னலில் பூ சரியாக இருக்கிறதா என்று கையால் ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

“நீங்க வெட்டிப் போட்ட செடி.”